பராக்கு

கருப்பி ஆட்டுக்குட்டியைப் பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. 2022, ஐப்பசிக் கடைசி. ராத்திரி மழை பெய்து கரிசல் மண் செருப்புக்கடியில் அடைஅடையாக அப்பியிருந்தது. கோவில்பட்டிக்கு வெளியே, எங்கள் தெரு முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு வண்டிப்பாதை போகிறது. ஒரு பக்கம் மக்காச்சோளம், மறுபக்கம் உளுந்து, நடுநடுவே சீமைக்கருவேல். அந்தப் பாதையில்தான் நானும் அவளும் தினமும் நடப்போம். அன்று என் இடது கையில் அவளுடைய வார், வலது கையில் போன். நாக் குழு வருவதற்குள் எந்தெந்தக் கோப்பு முடிய வேண்டும் என்று துறைத்தலைவர் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். நான் அதைப் படித்து, 'சரிங்க சார்' என்று தட்டிக்கொண்டிருந்தேன். 'சார்' முடிவதற்குள் வார் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு மாதக் குட்டி, வெள்ளாடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கருப்பி அதைக் கழுத்தில் பிடித்தபடி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவளாக நின்றுகொண்டிருந்தாள். ஆடு மேய்க்கும் பெரியம்மா கம்போடு வந்தார். அடிக்கவில்லை. கருப்பியின் தாடையை விரலால் அழுத்தி விடுவித்துக் குட்டியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். மறுநாள் மதியம் அது செத்துப்போனது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து முந்தியில் முடிந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, கோபமில்லாமல், ஏதோ மழையைப் பற்றிப் பேசுகிறவர்போலச் சொன்னார்: "நாயி பராக்குப் பாக்கல டீச்சர். அது பாக்க வேண்டியதத்தான் பாத்துச்சு. நீங்கதான் பராக்குப் பாத்துட்டீங்க."

இருபது வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். என் பிழையை இவ்வளவு சரியாகத் திருத்தியவர்கள் குறைவு.

பராக்கு என்கிற சொல்லை நான் முதலில் கேட்டது அம்மாவிடம். 'பராக்குப் பாக்காம நேரா வீட்டுக்கு வா.' பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைக்குச் சோற்றுப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தனுப்பப்படுகிற வாக்கியம் இது. கவனமின்மை, வேடிக்கை பார்ப்பது என்றுதான் நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் அதே சொல்லுக்கு நேர்மாறான ஒரு பயனும் உண்டு. ராஜா சபைக்கு வரும்போது கட்டியக்காரன் 'பராக்! பராக்!' என்று கூவுவான். கவனி, விழித்திரு, வருகிறார் என்று அர்த்தம். ராஜாவைப் பார்ப்பதும் பராக்கு, ராஜா அல்லாத எதையாவது பார்ப்பதும் பராக்கு. எது கவனம், எது கவனச்சிதறல் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். நடத்தியதில்லை. பாடத்திட்டத்தில் இல்லை.

கருப்பி எங்கள் வீட்டுக்கு வந்தது 2021இல், இரண்டாவது ஊரடங்கு தளர்ந்த பிறகு. தீப்பெட்டி ஆபீஸ் வேன் நிற்கிற முக்கில் ஓர் அட்டைப்பெட்டியில் மூன்று குட்டிகள் கிடந்தன. மூன்றும் பெட்டை. கடுவன் குட்டியாக இருந்தால் யாராவது தூக்கிப் போயிருப்பார்கள். பெட்டை என்றால் வருடம் தவறாமல் ஈனும், யார் பார்ப்பது என்று பெட்டியில் போட்டுவிடுவார்கள். இரண்டு குட்டிகளை வேனில் போகிற பெண்கள் எடுத்துப் போனார்கள். மிஞ்சியது இது. வளர வளரத்தான் தெரிந்தது, கன்னி நாயின் ரத்தம் பாதிக்குமேல் இருக்கிறது என்று. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் இரண்டு செம்புள்ளி, ஒட்டிய வயிறு, வில்போல் முதுகு. சிப்பிப்பாறையும் கன்னியும் எங்கள் பக்கத்து நாய்கள். கல்யாணத்தில் பெண்ணோடு சீதனமாகக் கொடுப்பார்கள், அதனால்தான் கன்னி என்று பேர் என்பார்கள். பெண்ணையும் நாயையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிய காலம். யாருடைய கல்யாணத்தில், யாருடைய காடுகளில் வேட்டையாட என்று கேட்டால் சாதி வந்துவிடும். இன்றைக்கும் எங்கள் ஊரில் இந்த நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடப்பதில் ஒரு தோரணை இருக்கிறது. அந்தத் தோரணைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதை நான் சேலையில் அப்பிய சேற்றோடு தினமும் நிரூபித்துவந்தேன்.

பேர் வைப்பதில் ஒரு சண்டை நடந்தது. தொல்காப்பிய மரபியலில் பெண் நாய்க்குப் பெட்டை என்று பேர் இல்லை. அது ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் கழுதைக்கும் உரியது. நாய்க்குப் பிணவு என்று பேர். இன்னொரு பேரும் உண்டு, பாட்டி. பன்றிக்கும் நாய்க்கும் பாட்டி என்று பேர் சொல்கிறது நூல். உள்ளங்கை அளவு குட்டிக்குப் 'பாட்டி' என்று பேர் வைக்கலாம் என்று நான் ஆசையாகச் சொன்னபோது, அறுபத்தெட்டு வயது அம்மா முறைத்த முறைப்பில் ஆராய்ச்சி அன்றோடு முடிந்தது. தெருப் பிள்ளைகள் அதற்குள் கருப்பி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். 2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்ததிலிருந்து தென்மாவட்டத்தில் கறுப்பாக ஒரு பெண் நாய் இருந்தால் அதற்கு வேறு பேர் வைக்க முடியாது. நான் அவளை 'அவள்' என்று எழுதுகிறேன். அஃறிணை, வழு என்று மாணவிகளே திருத்துகிறார்கள். இருக்கட்டும்.

ஆட்டுக்குட்டி செத்த வாரம் தெருவே ஆலோசனை சொன்னது. 'தனியா இருக்கிற பொம்பளைக்கு எதுக்கு வேட்டை நாய்? பொமரேனியன் மாதிரி ஏதாச்சும் வாங்குங்க மேடம்.' அம்மா, யாராவது தோட்டத்துக்காரருக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். தோட்டத்துக்காரர் என்றால் ராத்திரி பகலாகச் சங்கிலி. அந்த நேரத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் நாய்ப் பயிற்சியாளர் என்று ஒருவரை அழைத்து வந்தார். நல்ல மனுஷர், கூலிக்கு மேல் வாங்காதவர். கழுத்தில் இறுகுகிற இரும்புச் சங்கிலி ஒன்றைக் கொடுத்தார். "ஆட்டைப் பாத்ததும் ஒரு வெட்டு வெட்டுங்க. கூடவே ஒரு சத்தம் குடுங்க. பத்து நாள்ல சத்தத்துக்கே திரும்பிடும். சங்கிலியே தேவைப்படாது." எந்தச் சத்தம் என்று கேட்டேன். எதுவானாலும் சரி, ஆனால் எப்போதும் ஒரே சத்தமாக இருக்க வேண்டும் என்றார்.

சொன்னபடியே நடந்தது. இரண்டு வாரத்தில் கருப்பி தேறிவிட்டாள். ஆடு எதிரே வரும், அவள் காது நிமிரும், நான் தொண்டையைச் செருமுவேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவுக்குக் காட்ட ஒருநாள் மாடிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். தெருவில் பூனை போகிறது. நான் செருமுகிறேன். நாய் திரும்புகிறது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்தேன். மறுபடி பார்த்தேன். கருப்பி திரும்பியது என் பக்கம் இல்லை. பூனையிடமிருந்தும் திரும்பி, என்னிடமிருந்தும் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காது பின்னால் படிந்திருக்கிறது. வால் காலிடுக்கில். நாக்கு வெளியே வந்து மூக்கை ஒருமுறை நக்கிவிட்டு உள்ளே போகிறது. பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி. தூக்கத்தில் வருகிற கொட்டாவி இல்லை அது.

அந்தச் செருமல் எனக்குத் தெரிந்த செருமல்.

நான் ஒன்பது வருடம் ஒரு வீட்டில் மனைவியாக இருந்தேன். அந்த வீட்டில் யாரும் என்னை அடித்ததில்லை. இதைச் சொன்னால் 'அப்புறம் என்ன?' என்று கேட்கிறார்கள், வக்கீல் உட்பட. அப்புறம் என்ன என்றால், அவர் செருமுவார். அவ்வளவுதான். நான் சாப்பாட்டு மேசையில் ஆய்வேட்டுத் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பேன். முன்னறையிலிருந்து ஒரு செருமல் வரும். அதற்குக் காபி என்று பொருள் இருக்கலாம், டி.வி. ரிமோட் என்று இருக்கலாம், உன் தம்பியோடு இவ்வளவு நேரம் போனில் என்ன பேச்சு என்றும் இருக்கலாம். எது என்று யோசிப்பதற்குள் என் கை பேனாவை மூடியிருக்கும். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு முறை செருமலுக்குப் பின்னால் வேறு விஷயங்கள் வந்தன. இரண்டு நாள் பேசாமலிருப்பது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவது, விருந்தினர் முன்னால் என் கவிதையைப் பற்றி ஒரு சிரிப்பு. பிறகு அவையெல்லாம் தேவைப்படவில்லை. சத்தமே போதும். அந்தப் பயிற்சியாளர் சொன்னபடி, சங்கிலி தேவைப்படவில்லை.

ஆய்வேட்டை முடிக்க எனக்கு ஏழு வருடம் ஆனது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், 'ஏம்மா இவ்வளவு தாமதம், கவனம் சிதறிப்போச்சா?' என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். என் கவனம் சிதறவில்லை. அது மிக நன்றாகப் பயிற்றுவிக்கப்பட்டிருந்தது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று, பால் பொங்குவதற்கு முந்தைய அந்த அரை நொடியை, மாடிப்படியில் ஏறுகிற செருப்புச் சத்தம் யாருடையது என்று, எதுவும் தப்பாமல் கேட்டுக்கொண்டிருந்த கவனம் அது. என்னிடமிருந்து மட்டும் திரும்பியிருந்தது.

வீடியோவை அக்காவுக்கு அனுப்பவில்லை. சங்கிலியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். அதற்கடுத்த பத்து நாள் கருப்பியை வெளியே கூட்டிப் போகவே பயமாக இருந்தது. மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்தோம். பழைய மாணவி ஒருத்தியின் தங்கை கால்நடை மருத்துவம் படிக்கிறாள். அவள்தான் வேறொரு வழி இருப்பதைச் சொல்லி, படிக்கவும் சில பேர்களைச் சொன்னாள். நாற்பது வயதுக்குமேல் ஒரு புதுத்துறையில் முதல் வகுப்பு மாணவியாக உட்காருவது சுகமான விஷயம். பாவ்லவின் நாய்களை நமக்குத் தெரியும். அந்த மனிதர் 1904இல் நோபல் பரிசு வாங்கியது செரிமானம் பற்றிய ஆய்வுக்கு என்பதும் சிலருக்குத் தெரியும். மரியன் பிரேலண்டின் பேர் எனக்குத் தெரியாது. ஸ்கின்னரின் மாணவி. கணவர் கெல்லரோடு சேர்ந்து கோழி, பன்றி, ரக்கூன் என்று ஆயிரக்கணக்கான விலங்குகளைப் பழக்கியவர். கேரன் பிரையர், 1960களில் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கினார். டால்ஃபினுக்குக் கழுத்தில் சங்கிலி போட முடியாது. அதட்டினால் நீந்திப் போய்விடும். ஆகவே அது சரியாகச் செய்கிற நொடியில் ஒரு விசில், உடனே ஒரு மீன். அந்த முறையை அவர் நாய்களுக்கும் மனிதர்களுக்கும் கொண்டுவந்து எழுதிய புத்தகம் 1984இல் வந்தது. தப்பிப் போகக்கூடிய விலங்கிடமிருந்துதான் இந்த முறை பிறந்தது என்பதை நான் பென்சிலால் அடிக்கோடிட்டேன். விசிலுக்கு நானும் பழக்கப்பட்டவள்தான். என் விசிலுக்குப் பின்னால் மீன் வரவில்லை, இறக்கி வைக்க வேண்டிய பருப்பு இருந்தது.

முதல் பாடம் வீட்டுக்குள். உள்ளங்கையில் வெந்த ஈரல் துண்டை வைத்து மூடிக்கொண்டு கையை நீட்ட வேண்டும். நாய் நக்கும், பிறாண்டும், மூக்கால் இடிக்கும். ஒன்றும் சொல்லக் கூடாது. இழுக்கக் கூடாது. எப்போதாவது சலித்துப்போய் அது முகத்தைப் பின்னுக்கு இழுக்கும். அந்த நொடியில் நாக்கால் ஒரு 'தச்'. மறுகையிலிருந்து வேறொரு துண்டு, இதைவிடப் பெரியது. மூடிய கையில் இருப்பதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. விட்டால் அதைவிட நல்லது ஒன்று வரும் என்று நாய் தானே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து நாலைந்து நாள் நிலைத்த பிறகுதான் அதற்கு ஒரு சொல் தர வேண்டும். நான் 'விடு' என்று வைத்தேன். இந்தச் சொல்லின்மேல் எனக்குப் பழைய மோகம். தனியாக நின்றால் துறத்தல், அவிழ்த்தல். இன்னொரு வினையின் பின்னால் துணையாக நின்றால் 'முடித்துவிடு', 'போய்விடு' என்று தீர்மானம். அதன் முதல் எழுத்து நீண்டால் வீடு. வீடு என்றால் விடுதலை என்று முனிவர்களும், வீடு என்றால் வீடு என்று நாமும் பொருள் கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது பாடத்தில்தான் நான் உட்கார்ந்துவிட்டேன். லெஸ்லி மெக்டெவிட் என்று ஒரு பயிற்சியாளர் 2007இல் வெளியிட்ட புத்தகத்தில் சொல்லியிருக்கும் விளையாட்டு. நாய் எதைக் கண்டு தன்னை மறக்கிறதோ அதைப் பார்க்காதே என்று தடுக்கக் கூடாது. பார்க்கச் சொல்ல வேண்டும். பார்த்ததற்கே பரிசு தர வேண்டும். தூரமாக நிறுத்தி வைத்து, அது ஆட்டைப் பார்த்த உடனே 'தச்', ஈரல். மறுபடி பார்த்தால், மறுபடி ஈரல். கொஞ்ச நாளில் நாய் ஆட்டைப் பார்த்துவிட்டு, தானாகவே கழுத்தைத் திருப்பி நம் முகத்தைப் பார்க்கும். 'பார்த்தேன், அதோ இருக்கிறது' என்று நமக்குச் செய்தி சொல்கிற மாதிரி. தடுத்துத் திருப்புவது இல்லை இது. பார்த்து முடித்துவிட்டுத் திரும்புவது.

பார்க்கலாம் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. குனிந்து நட, திரும்பாதே, பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதே, சிரித்தால் பல் தெரியாமல் சிரி. என் தம்பியும் அதே தெருவில்தான் வளர்ந்தான். அவன் டீக்கடை வாசலில் நின்று மூன்று மணி நேரம் தெருவைப் பார்ப்பான். அதற்குப் பொழுதுபோக்கு என்று பேர். நான் ஒரு நிமிடம் நின்றால் பராக்கு.

ஈரலை நறுக்குவது அம்மாவின் வேலையாகிவிட்டிருந்தது. நாயைக் கொடுத்துவிடச் சொன்னவள், துண்டு ஒரே அளவாக இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் மென்றுகொண்டே நிற்கும் என்று எனக்கே வகுப்பு எடுத்தாள். ஒரு ராத்திரி நறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டேன், "நீ ஏம்மா எட்டாங் கிளாஸோட நிறுத்தின?" வழக்கமாக, அந்தக் காலத்தில் யார் படிக்க வைத்தார்கள் என்பாள். அன்று சொன்னாள். அவள் ஊரில் ஒருவன் சைக்கிள் விட வந்திருந்தானாம். ஏழு நாள் கீழே இறங்காமல் சைக்கிளிலேயே சுற்றுவார்களே, அந்த வித்தை. குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மைதானத்தின் ஓரம் நின்று பார்த்திருக்கிறாள். "தலைமேல ஒரு குடம் தண்ணிய ஊத்திக்கிட்டான். சோப்புப் போட்டான். கண்ணுல நுரை. அப்பவும் கால மிதிச்சுக்கிட்டே இருக்கான். அதுல மெய்மறந்துட்டேன்." அவளுடைய பெரியப்பா அந்த வழியாக வந்திருக்கிறார். அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. "எத்தனாவது நாள் பாத்த?" என்று கேட்டேன். "அஞ்சாவது நாளு." கொஞ்ச நேரம் கழித்து, கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஏழு நாளும் ஓட்டி முடிச்சானா என்னன்னு தெரியல."

பாதி இருட்டில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. 'பராக்குப் பாக்காத' என்று அவள் என்னிடம் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்த மைதானம் அவளுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

ஆட்டுக்காரப் பெரியம்மாவிடம் போய், உங்கள் ஆடுகளை வைத்து நாய்க்குப் பாடம் நடத்தலாமா என்று கேட்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அவர் சிரித்தார். "ஒரு குட்டி போதாதா டீச்சர்?" பிறகு, "எம்புட்டுத் தள்ளி நிப்பீங்க?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. இந்தப் பயிற்சியில் எல்லாமே தூரம்தான். நாய்க்கு ஆடு தெரிய வேண்டும், ஆனால் ஈரலை வாங்கித் தின்கிற நிதானமும் இருக்க வேண்டும். கிட்டே போய்விட்டால் கோழிப் பிரியாணியே கொடுத்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. கன்னி நாய்க்கு மோப்பத்தைவிடக் கண்தான் வேட்டைக் கருவி. தூரத்தில் ஒரு வால் ஆடினால் போதும். கழுத்தைவிடத் தலை குறுகலான நாய் என்பதால் சாதாரணப் பட்டையை உருவிவிடும். மார்பைச் சுற்றிப் போடுகிற பட்டையும் பத்து மீட்டர் கயிறும் வாங்கினேன். மின்கம்பங்களை வைத்துக் கணக்குப் பார்த்தோம். முதல் நாள் மூன்று கம்பம் தள்ளி. ஐந்து நிமிடம், அதற்குமேல் இல்லை. 'பார்' என்பேன். பார்ப்பாள். தச். ஈரல். இரண்டு வாரத்தில் இரண்டு கம்பம். ஒருநாள் அவசரப்பட்டு ஒரே கம்பத்துக்கு வந்துவிட்டேன். அன்று ஒரு கிடா துள்ளியதும் அவள் இழுத்த இழுப்பில் என் தோள்பட்டை ஒரு வாரம் தூக்க வரவில்லை. மறுபடி மூன்று கம்பம்.

பெரியம்மாவுக்கு இது பிடித்துப்போனது. அவர் ஆடுகளைத் தம் குரலாலேயே ஓட்டுகிறவர். எனக்குத் தெரிந்த எந்தப் பயிற்சியாளரையும்விட நேரம் பார்க்கத் தெரிந்தவர். "இப்ப, இப்ப, அந்தக் காதப் பாருங்க, குடுங்க" என்று தூரத்திலிருந்தே கத்துவார். நான் எப்போதும் ஒரு நொடி தாமதம். அந்த ஒரு நொடிக்குள் நாய் திரும்பியதற்குக் கொடுக்க வேண்டிய ஈரலை, அது மறுபடி ஆட்டைப் பார்த்ததற்குக் கொடுத்திருப்பேன். "நீங்க நாயப் பாக்காம ஆட்டப் பாக்கீங்க, டீச்சர்." உண்மைதான். பயத்தில் என் கண் ஆட்டின்மேல்தான் இருந்தது. கையில் போன் இல்லாதபோதும் நான் பராக்குதான். 2023 மாசியில், ஒன்றரை மாதக் குட்டி ஒன்று கயிற்றின் நீளத்துக்குள் வந்து நின்று கத்தியது. கருப்பி பார்த்தாள். உடம்பு நடுங்கியது, முன்னங்கால் ஒன்று தூக்கியபடி இருந்தது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதால் இல்லை, வாய் வரவில்லை. அவள் கழுத்து மெதுவாகத் திரும்பியது. என் முகத்தைப் பார்த்தாள். ஈரல் டப்பாவை அப்படியே மண்ணில் கொட்டிவிட்டேன். பெரியம்மா, வீணாப்போச்சே என்றார். பிறகு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது செத்த குட்டிக்காகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.

ஆட்டை மட்டும் வைத்து இந்தப் பயிற்சி முடிவதில்லை. காலையில் நடக்கிற பெண்களுக்குத் தெரியும், பாதையில் வேறு சிலவும் வரும். பைக்கில் ஒருவன், வயது முப்பதுக்குள் இருக்கும், வாரத்தில் மூன்று நாள் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டுவான். ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாதவனைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது? பழைய பழக்கத்தில் நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவேன். கருப்பிக்குப் பைக்கும் ஓர் அசைவுதான். ஆகவே அதற்கும் விளையாட்டைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. பாதையோரம் நின்று 'பார்' என்பேன். அவள் பைக்கைப் பார்ப்பாள். அவள் எந்த நொடியில் பார்க்கிறாள் என்று தெரிய, நானும் நிமிர்ந்து பைக்கைப் பார்க்க வேண்டும். முதல் நாள் அவன் முகத்தை முழுதாகப் பார்த்தேன். சின்ன முகம். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. இரண்டு பேர் அவனைப் பார்த்தோம், அவன் தாண்டிப் போகிற வரை, தலையைத் திருப்பித் திருப்பி. பிறகு தச், ஈரல். நான்கு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாளிலிருந்து அவன் வேறு பாதையில் போகிறான் போலிருக்கிறது. நாய்க்குப் பயந்தான் என்று அம்மா சொல்கிறாள். கருப்பி குரைக்கக்கூட இல்லை.

வகுப்பில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிற பெண்ணை முன்பெல்லாம் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்பேன். பதில் தெரியாமல் நிற்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். இப்போது பாடம் முடிந்தபின் கூப்பிட்டு என்ன பார்த்தாய் என்று கேட்கிறேன். முதலில் 'ஒண்ணுமில்ல மேம்' என்பார்கள். ஒருத்தி மட்டும், வேப்பமரத்தில் காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "வாய் செவப்பா இருக்கு மேம், மூணு நாளா பாக்கேன்." மூன்று நாளாக நான் நடத்தியதில் இவ்வளவு துல்லியமான ஒரு வாக்கியம் இல்லை.

மரியன் பிரேலண்டும் அவர் கணவரும் 1961இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாங்கள் தோற்ற கதைகளை அவர்களே எழுதியது. மரக்காசை எடுத்து உண்டியலில் போட ஒரு பன்றியைப் பழக்குகிறார்கள். சரியாகப் போடும், தீனி கிடைக்கும். சில வாரம் கழித்து அந்தப் பன்றி, காசை உண்டியலுக்குக் கொண்டுபோகாமல் வழியிலேயே கீழே போட்டு மூக்கால் மண்ணைக் கிளறுவதுபோலக் கிளறத் தொடங்குகிறது. தூக்கிப் போட்டு, மறுபடி கிளறுகிறது. பசித்தாலும் அப்படித்தான். எவ்வளவு பழக்கினாலும் பிறவியில் இருப்பது மெல்ல வழிந்து மேலே வந்துவிடுகிறது என்று எழுதினார்கள். அந்தப் பன்றியை எனக்கு மிகவும் பிடிக்கும்.

போன மார்கழியில், கம்பு அறுத்த காட்டில் ஒரு முயல் எழுந்தது. எங்களுக்கு எட்டு அடி தூரத்தில். இத்தனை வருடத்தில் அந்தப் பாதையில் முயல் பார்ப்பது அதுவே முதல்முறை. 'பார்' சொல்ல நேரமில்லை. கருப்பி கயிற்றின் நுனிவரை போய் இழுபட்டு நின்றாள். கயிறு என் இடுப்பில் இருந்ததால் நானும் நாலடி போனேன். முயல் நேராக ஓடவில்லை. ஒடித்து ஒடித்து, தாளடிகளுக்கு நடுவே, பனியில் ஒரு தடம் போட்டுக்கொண்டே ஓடியது. ஓடையின் கரையில் ஏறி, நின்று, இரண்டு காதும் வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிய, எங்களைப் பார்த்தது. என் கையில் ஈரல் இருந்தது. கொடுக்கவில்லை. அவள் திரும்புகிறாளா என்றும் பார்க்கவில்லை. சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. முயல் போய்விட்ட பிறகும் நின்றோம்.

வீட்டுக்கு வரும்போது எட்டேகால் ஆகியிருந்தது. கல்லூரிப் பேருந்து போய்விட்டது. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தன வாட்டி போன் அடிக்கிறது? எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

"பராக்குப் பாத்துக்கிட்டு நின்னுட்டோம்மா."

"எத?"

"முயல்."

கதவைத் திறந்துவிட்டவள், கருப்பியின் கால் சேற்றைக்கூடக் கவனிக்காமல் படியில் உட்கார்ந்தாள்.

"எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டாள்.